ஒஸ்டியோபதி படிக்கலாமா? எந்த ஊரில் தொழில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. உப்புவெளியில் வீடு. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்புப் பகுதியில் பல வருடமாக வேலை. சீசன் முடிந்தால் கையில் காசு இல்லை, வேறு தொழிலுக்கு மாற வேண்டும் என்று கொஞ்ச நாளாக யோசிக்கிறேன். இங்கே வரும் பிரெஞ்சுக்காரர்கள் "பக்கத்தில் ஒஸ்டியோபத் யாராவது இருக்கிறார்களா" என்று அடிக்கடி கேட்பார்கள். முதுகு, மூட்டு வலிக்குக் கையாலேயே சிகிச்சை செய்பவராம். ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா ஒரு கல்லூரியின் மெனுவல் ஒஸ்டியோபதி டிப்ளோமாவைக் காட்டினார். 14 மாதம், ஒன்லைன், கடைசியில் இரண்டு வாரம் நேரடிச் செய்முறை. 8,500 கனேடிய டொலர். முடித்தால் பெயருக்குப் பின்னால் "டி.ஓ." போடலாம், உலகம் முழுவதும் வேலை செய்யலாம் என்கிறார்கள். மாத முடிவுக்குள் சேர்ந்தால் 20 சதவீதம் கழிவு. நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டலாமா?

பதில்:

தம்பி, நகை இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும். கழிவுக்கான கடைசித் தேதியைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். அந்தக் கழிவு அடுத்த மாதமும் வரும். வராவிட்டாலும் உங்களுக்கு நட்டமில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், ஒஸ்டியோபதி படித்தவள் இல்லை. இந்த இரண்டு தொழில்காரர்களுக்கும் இடையில் உலகம் முழுவதும் ஒரு சின்ன இழுபறி உண்டு. ஆகவே நான் சொல்வதில் அந்த வாடை எங்காவது அடித்தால் அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

இந்தக் கல்லூரிக்குக் காசு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: படித்து முடித்த பிறகு எந்த ஊரில் நின்று நோயாளியைத் தொடப் போகிறீர்கள்? ஒஸ்டியோபதியில் இதற்குப் பதில் தெரியாமல் கல்லூரி தேட முடியாது. ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு தொழில் நடக்கிறது.

அமெரிக்காவில்தான் இது தொடங்கியது. அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில்லில் முதல் பள்ளியை ஆரம்பித்தார். இன்று அங்கே டி.ஓ. என்றால் முழு வைத்தியர். ஒரு பட்டப்படிப்பு, அதற்கு மேல் நான்கு வருட மருத்துவப் படிப்பு, அதற்கும் மேல் வைத்தியசாலைப் பயிற்சி. மருந்து எழுதுவார், சத்திரசிகிச்சையும் செய்வார். உங்கள் கல்லூரி தருவதாகச் சொல்கிற அதே இரண்டு எழுத்துகள்தான். பிரித்தானியாவில் ஒஸ்டியோபத் கையால் சிகிச்சை செய்பவர். ஆனால் 1993இன் சட்டத்தின்படி அங்குள்ள பொது ஒஸ்டியோபதிப் பேரவையில் பதிவு பெறாமல் தன்னை ஒஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்வது குற்றம். அவுஸ்திரேலியாவிலும் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் பாவிக்க முடியாது. இந்த நாடுகளின் பதிவுக்கு நான்கு, ஐந்து வருடப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும். 14 மாத ஒன்லைன் டிப்ளோமாவோடு போய் நின்றால் விண்ணப்பப் படிவத்தைக்கூடத் தாண்ட மாட்டீர்கள். "உலகம் முழுவதும்" என்ற விளம்பரம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

உங்கள் ஹோட்டல் பிரெஞ்சுக்காரர்களுக்கு வருவோம். இந்த யோசனை உங்களுக்கு வந்ததே அவர்களால்தான். பிரான்ஸில் ஒஸ்டியோபத் ஆவதற்கு 2014இன் அரசாணைப்படி ஐந்து வருடம், 4,860 மணித்தியாலம் படிக்க வேண்டும். அந்த விருந்தினர் உங்கள் மேசையில் சாய்ந்து நின்று கேட்கும்போது அவர் மனதில் இருப்பது அப்படிப் படித்த ஒருவர். "நான்தான் ஒஸ்டியோபத்" என்று நீங்கள் சொன்னால் அவர் கேட்கப் போகும் இரண்டாவது கேள்வி, எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம் என்பதுதான்.

சரி, கனடா. அண்ணா காட்டியது ஒன்ராறியோக் கல்லூரி என்று நினைக்கிறேன். ஒன்ராறியோவில் மெனுவல் ஒஸ்டியோபதி அரசு ஒழுங்குபடுத்திய தொழில் இல்லை. பிசியோதெரபிக்கும் மசாஜ் தெரபிக்கும் சட்டப்படி தொழிலை ஒழுங்குபடுத்தும் சபைகள் உண்டு, இதற்கு இல்லை. "ஒஸ்டியோபத்" என்ற பட்டமே அங்கு மருத்துவச் சட்டத்தின் கீழ் வைத்தியர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதனால்தான் மற்றவர்கள் "ஒஸ்டியோபதிக் மெனுவல் பிரக்டிஷனர்" என்று சுற்றிவளைத்துப் போடுகிறார்கள். இன்னொரு விஷயம், கல்லூரியின் வீடியோவில் பார்த்திருப்பீர்கள், கழுத்தையோ முதுகையோ டக்கென்று சத்தம் வரத் திருப்புவது. முதுகெலும்பு மூட்டை அதன் வழக்கமான அசைவெல்லையைத் தாண்டி வேகமாகத் தட்டித் தள்ளுவது 1991இன் சட்டப்படி ஒன்ராறியோவில் கட்டுப்படுத்தப்பட்ட செயல். அனுமதி பெற்ற தொழிலைச் சேர்ந்தவர்கள் மட்டுமே செய்யலாம். மெனுவல் ஒஸ்டியோபதி டிப்ளோமா அந்த அனுமதியைத் தராது.

அப்படியானால் அங்கே இவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? தனியார் சங்கங்கள் இருக்கின்றன, காப்புறுதி நிறுவனங்கள் அவற்றில் சிலவற்றை ஏற்றுக்கொள்கின்றன. வாடிக்கையாளர் தன் வேலைத்தலக் காப்புறுதியில் காசு மீளப் பெற முடிந்தால் வருவார், முடியாவிட்டால் பக்கத்துக் கிளினிக்குக்குப் போவார். ஆகவே கனடாவில் ஒரு டிப்ளோமாவின் உண்மையான பெறுமதி, அதை வைத்து எந்தச் சங்கத்தில் சேரலாம், அந்தச் சங்கத்தை எந்தக் காப்புறுதி ஏற்கிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது. இதை அண்ணா கண்டுபிடித்துத் தரலாம். அவருடைய வேலைத்தலக் காப்புறுதிக் கையேட்டில் எந்தெந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். அதில் ஒஸ்டியோபதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் காப்புறுதிக்காரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு: "இந்தக் கல்லூரியில் படித்து இந்தச் சங்கத்தில் இருப்பவரின் பற்றுச்சீட்டை ஏற்பீர்களா?" கல்லூரியின் முழு இணையத்தளத்தையும் வாசிப்பதைவிட அந்தப் பத்து நிமிடத்தில் கூடுதலாகத் தெரிந்துவிடும்.

விசாவையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். திருகோணமலையில் இருந்தபடி ஒன்லைனில் படிப்பதற்கும் கனடா போவதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. நேரில் போய்ப் படித்தாலும், தனியார் தொழில் கல்லூரிகளில் படித்து முடிப்பவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. கல்லூரி முகவர் வேறு மாதிரிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

இனி நம்முடைய ஊர். இலங்கை மருத்துவ சபையின் பதிவேடுகளில் வைத்தியர், பிசியோதெரபிஸ்ட் என்று பல பிரிவுகள் உண்டு, ஒஸ்டியோபதிக்கு ஒன்று இல்லை. ஆயுர்வேதமும் சித்தமும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகின்றன, அதிலும் உங்களுக்கு இடமில்லை. பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர் பதிந்துவிட்டால் போதும் என்று யாராவது சொல்லக்கூடும். அது கடைக்குப் பெயர் பதிவது மட்டுந்தான். சிகிச்சை செய்யும் தகுதியை அது தராது. நோயாளி ஒருவருக்கு ஏதாவது நடந்துவிட்டால் உங்களுக்குப் பின்னால் எந்தச் சபையும் நிற்காது. தொழில்சார் காப்புறுதி எடுப்பதும் கஷ்டம். உடம்பு பிடித்துவிடுகிற மசாஜ் நிலையமாக நடத்தலாம், ஆனால் அதற்கு இருபது இலட்சத்தை நெருங்குகிற டிப்ளோமா எதற்கு?

இப்போது படிப்புக்குள் என்ன இருக்க வேண்டும் என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒஸ்டியோபதிப் பயிற்சிக்கு ஒரு அளவுகோல் வெளியிட்டது. மருத்துவப் பின்னணி இல்லாமல் புதிதாக வருகிறவருக்கு 4,200 மணித்தியாலம், அதில் குறைந்தது 1,000 மணித்தியாலம் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்துப் பெறும் பயிற்சி. ஏற்கெனவே வைத்தியராகவோ பிசியோதெரபிஸ்டாகவோ இருப்பவருக்குக் குறைந்த மணித்தியாலம் போதும், அது தனி வகை. சில கல்லூரிகள் இந்த இரண்டாவது வகைக்குரிய குறுகிய பாடத்தை எடுத்து முதலாவது வகை ஆட்களுக்கு விற்கின்றன. நீங்கள் முதலாவது வகை. உங்கள் இரண்டு வாரச் செய்முறையைக் கணக்குப் பாருங்கள்: ஒரு ஞாயிறும் விடாமல் 14 நாள், நாளுக்கு ஆறு மணித்தியாலம் என்றாலும் 84தான் வருகிறது. அதிலும் பாதி நேரம் சக மாணவர்மேல் பழகுவதில் போய்விடும். சக மாணவருக்கு முதுகு வலியே இருக்காது.

இந்த மணித்தியாலங்கள் ஏன் வேண்டும் என்று ஒரு சின்ன விளையாட்டில் காட்டுகிறேன். கையால் செய்யும் சிகிச்சை படிப்பவர்களுக்குப் பழைய ஆசிரியர்கள் கொடுத்த பயிற்சி இது. ஒரு தலைமயிரை மேசையில் வையுங்கள். அதற்கு மேல் கொப்பித் தாள் ஒன்று. கண்ணை மூடி விரல் நுனியால் தடவி மயிர் எங்கே என்று கண்டுபிடியுங்கள். முடிந்தால் இன்னொரு தாள் வையுங்கள், அப்புறம் இன்னொன்று. அழுத்தினால் தெரியாது. அழுத்தத்தை விட்டால்தான் தெரியும். இது உங்களுக்குப் பிடித்துப்போய் இரவு முழுவதும் தாள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்றால் உங்கள் கையில் விஷயம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் சலித்துவிட்டால் அதையும் யோசியுங்கள், இந்தத் தொழிலில் நாள் முழுவதும் அதுதான் வேலை.

மயிரைக் கண்டுபிடிப்பது கைக்குரிய வேலையில் பாதி. மனித உடம்பில் இடம் பிடிப்பது அடுத்தது. நோயாளியின் இரண்டு இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலும் கையை வைத்து, பெருவிரல்களை முதுகின் நடுவே கொண்டுவந்தால் இடுப்புப் பகுதியின் நான்காவது முள்ளந்தண்டெலும்புக்குக் கிட்ட நிற்பீர்கள் என்று புத்தகம் சொல்லும். மெலிந்த பையனில் அது சரியாக வரும். கொஞ்சம் உடம்பு வைத்த அம்மாவில், ஆறு மாதக் கர்ப்பிணியில், முதுகு வளைந்த வயதானவரில் அந்த விளிம்பே அகப்படாது. அப்போது பின்னால் நிற்கிற ஆசிரியர் உங்கள் கையின்மேல் தன் கையை வைத்து ஒரு அங்குலம் கீழே நகர்த்துவார். ஒன்லைன் வகுப்பில் அந்தக் கை கிடையாது.

அதைவிட முக்கியமானது, கை வைக்கக் கூடாத ஆளை அடையாளம் காண்பது. கரைவலை இழுக்கிற ஐயா ஒருவர் என்னிடம் முதுகு வலி என்று வந்தார். வலை இழுப்பவருக்கு முதுகு வலிப்பதில் என்ன புதினம்? ஆனால் படுத்தால் கூடுகிறது, விடிய விடிய நித்திரையில்லை என்றார். பேசிக்கொண்டே எழும்பி, "சாரமும் இடுப்பில நிக்குதில்ல பிள்ள" என்று இறுக்கிக் கட்டினார். நான் அவர் முதுகைத் தொடவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். புரொஸ்டேட் புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் பரவியிருந்தது. அப்படிப்பட்ட எலும்பை யாராவது டக்கென்று திருப்பியிருந்தால் முறிந்திருக்கக்கூடும். இரவு வலி, காரணமில்லாத மெலிவு, காய்ச்சல், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், சலம் போவதில் மாற்றம், விழுந்த பிறகு தொடங்கிய வலி என்று கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைப் பாடமாக்கலாம், கஷ்டமில்லை. சாரத்தைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வரியைக் காதில் வாங்கிக்கொள்வதற்குத்தான் நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஒரு மூத்தவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

பாடத்திட்டத்தில் மண்டையோட்டு ஒஸ்டியோபதி எவ்வளவு, உள்ளுறுப்பு ஒஸ்டியோபதி எவ்வளவு என்றும் பாருங்கள். மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணிய அசைவைக் கையால் உணர்ந்து நோயைத் தீர்க்கலாம் என்ற கருத்தைப் பரப்பியவர் வில்லியம் கார்னர் சதர்லன்ட். அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. முதுகு வலிக்குக் கையால் செய்யும் சிகிச்சைக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, ஆனால் அதையும் ஊதிப் பெருப்பிக்கக் கூடாது. பிரான்ஸில் 400 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளிவந்த ஆய்வில், உண்மையான ஒஸ்டியோபதிச் சிகிச்சைக்கும் சும்மா தொட்டுவிடும் போலிச் சிகிச்சைக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மிகச் சிறியது. என்னுடைய பிசியோதெரபியிலும் பழைய மின்சார மெஷின்கள் பலவற்றின் கதை இதுதான், ஆகவே நான் ரொம்பவும் சிரிக்கப்போவதில்லை. ஆனால் ஆஸ்துமா, மலட்டுத்தன்மை, பிள்ளையின் படிப்பு எல்லாவற்றையும் கையாலேயே தீர்ப்போம் என்று விளம்பரம் செய்கிற கல்லூரி என்றால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை.

அந்தக் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மொத்தம் எத்தனை மணித்தியாலம், அதில் ஆசிரியர் நேரில் நிற்கும் மணித்தியாலம் எத்தனை, மாணவர் எத்தனை நோயாளியைத் தன் கையால் பார்ப்பார், இலங்கையிலிருந்து படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், இடையில் விட்டால் காசு எவ்வளவு திரும்பும் என்று கேளுங்கள். தங்களுக்கு அங்கீகாரம் கொடுத்ததாகச் சொல்லும் சர்வதேச அமைப்பின் முகவரியையும் தேடிப் பாருங்கள். கல்லூரியின் முகவரியும் அதுவும் ஒன்றாக இருந்தாலோ, இரண்டையும் தொடங்கியவர் ஒரே ஆளாக இருந்தாலோ கதை முடிந்தது. பதில் மின்னஞ்சலில் வராமல் வட்ஸ்அப்பில் "சேர், எப்போது பேசலாம்?" என்று வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அப்போ என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பிசியோதெரபிப் பட்டம் உங்களுக்குச் சரிவராது, நேராகச் சொல்கிறேன். கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் நான்கு வருடம், உயர்தரத்தில் உயிரியல் வேண்டும். உங்கள் ஹோட்டலுக்குப் பக்கத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள், தொக்கணம் என்கிற உடம்பு பிடித்துவிடும் முறையும் வர்மமும் அதில் உண்டு, அதற்கும் உயிரியல்தான். கனடாதான் உண்மையான கனவு என்றால், ஒன்ராறியோவில் சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட மசாஜ் தெரபியைப் பற்றி அண்ணாவை விசாரிக்கச் சொல்லுங்கள். அதுவும் முழுநேரப் படிப்பு, நேரில் போயிருந்துதான் படிக்க வேண்டும், செலவும் உண்டு. ஆனால் முடிவில் பதிவு இருக்கிறது, பதிவோடு வேலையும் இருக்கிறது. ஒஸ்டியோபதியே வேண்டும் என்று பிடிவாதம் என்றால் இந்தியாவில், கட்டாக்கில் உள்ள ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகத்தில் அதைப் பட்டப்படிப்பாக நடத்துகிறார்கள். சேர்க்கைத் தகுதியை அவர்களிடமே கேளுங்கள். அதை முடித்து இங்கே திரும்பி வந்தாலும் பதிவுப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

இங்கேயே இருப்பதென்றால் என் அபிப்பிராயம் வேறு. கை வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று இன்னும் உங்களுக்கே தெரியாது. இந்த மழைக்காலத்தில், ஹோட்டல் காலியாக இருக்கும்போது, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்ற ஒரு நிலையத்தில் மசாஜ் பயிற்சிக்குப் போய்ப் பாருங்கள். டிப்ளோமாவோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். நாளுக்கு ஆறு பேரின் உடம்பைப் பிடித்துவிட்டு மாலையில் உங்கள் பெருவிரலும் இடுப்பும் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள். 36 வயதில் தொடங்குகிறவர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தப் பிரெஞ்சுக்காரர் யாரிடம் கேட்டார்? உங்களிடம்தான். விமானத்தில் பத்து மணித்தியாலம், பிறகு கொழும்பிலிருந்து வான் வண்டியில் ஆறேழு மணித்தியாலம் இருந்து முதுகு பிடித்து வருகிறவர்கள் சீசனில் வாரத்துக்கு எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மருத்துவ சபையில் பதிவுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரோடு பேசி, நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு நேரம் எடுத்துக் கொடுப்பது, வாகனம், பற்றுச்சீட்டு, அவர்களுடைய பயணக் காப்புறுதிக்கான கடிதம் எல்லாவற்றையும் நீங்கள் பார்த்துக்கொண்டால் அது ஒரு தொழில். வருகிற மே மாதமே தொடங்கலாம். எங்கள் தொழிலில் கை நன்றாக உள்ளவர்கள் பலருக்கு இந்தப் பக்கம் சுத்தமாக வராது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் பிசியோதெரபிஸ்டின் சிகிச்சை அறையில் ஒரு சீசன் இருந்து பார்த்த பிறகும் கை வைக்க ஆசை இருந்தால் அப்போது படிப்பைப் பற்றி மறுபடி பேசுவோம்.

கல்லூரியிலிருந்து பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். முழுப் புத்தகமும் வேண்டாம், மணித்தியாலக் கணக்குப் போட்டிருக்கும் பக்கம் மட்டும் போதும்.